ஸ்டாக்கிலிருந்து பில்லிங்குக்கு ஓர் அம்பு

எல்லோரும் சாப்பிடக் கீழே கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். உமையாள் மட்டும் தன் இடத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, தயிர்சாதத்தைக் கரண்டியால் கீறிக்கொண்டு, திரையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி அம்புகள். பக்கத்து இருக்கைப் பெண் அஃப்ரீன் போகிறபோது எட்டிப் பார்த்து, “என்னக்கா, இடியாப்பம் இன்னும் வேகலையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். இடியாப்பம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தான் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் விஷயம் எளிது. ஒவ்வொரு புள்ளியும் அவர்கள் கம்பெனியின் ஆஸ்பத்திரி மென்பொருளில் ஒரு பகுதி. நோயாளிப் பதிவு ஒரு புள்ளி, படுக்கை ஒரு புள்ளி, பில்லிங் ஒன்று, லேப் ஒன்று, மருந்து ஸ்டாக் ஒன்று, அப்புறம் இவற்றின் பிள்ளை குட்டிகள். ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கினால் இதிலிருந்து அதற்கு ஓர் அம்பு. அம்புகள் மேலிருந்து கீழே, அடுக்கடுக்காக இறங்கினால் அந்த மென்பொருளை நம்பலாம். கீழே இருப்பதை மாற்றினால் யார் யார் ஆடுவார்கள் என்று விரல் வைத்துச் சொல்லலாம். கீழே போன அம்பு சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டால் வளையம். வளையத்துக்குள் மேல் ஏது கீழ் ஏது, எதையும் தனியாகக் கழற்றிச் சோதிக்க முடியாது, ஒன்றைத் தொட்டால் எல்லாம் அதிரும். காரைக்குடியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தபோது கிராஃப் தியரி ஒரு பேப்பர், அவளுக்கு மிகப் பிடித்த பேப்பர், இதெல்லாம் பிழைப்புக்கு உதவுமா என்று அப்பா கேட்டார், உதவுகிறது அப்பா, கோயம்புத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் தனியாக உட்கார்ந்து ஆறின தயிர்சாதத்தோடு புள்ளிகளை எண்ண உதவுகிறது. வளையத்தை அறுத்தாயிற்று என்று இன்று சாயங்காலத்துக்குள் மேனேஜர் வேதமூர்த்தியிடம் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் இந்த மென்பொருளை வாங்கப் பார்க்கிறது, அவர்களுடைய ஆட்கள் முதலில் கேட்டதே வளையம் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. பாதி மென்பொருளையே விழுங்கிய ஒரே வளையம். பில்லிங் லேபைக் கூப்பிடுகிறது, லேப் ஸ்டாக்கைக் கூப்பிடுகிறது, இதுவரை சரி. ஆனால் ஸ்டாக்கிலிருந்து பில்லிங்குக்கு ஓர் அம்பு திரும்பி மேலே போகிறது. அந்த ஒரே அம்பை எடுத்துவிட்டால் போதும், மொத்தச் சிக்கலும் அவிழ்ந்து அடுக்கடுக்காக இறங்கிவிடும். படத்தில் மட்டும் அதை எடுத்துப் பார்த்திருந்தாள், அவிழ்ந்தது, அவ்வளவு அழகாக அவிழ்ந்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது, காட்டலாம் என்று பக்கத்தில் திரும்பினால் யாரும் இல்லை.

அந்த அம்பு ஒரே ஒரு வரி. நிலை எண் ஒன்பது என்றால் பில்லிங்கைக் கூப்பிடு, அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஒன்பது என்றால் என்ன என்று பக்கத்தில் எந்த விளக்கமும் இல்லை. பழைய ஆட்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை, அவள் ஒருத்திதான் மிச்சம், அவளும் அப்போது லேப் பக்கம் வேலை பார்த்தவள், ஸ்டாக்கின் உள்விவரம் தெரியாது. யார் எழுதியது என்று பார்த்தாள். பார்க்காமலே தெரியும், ஸ்டாக் முழுக்க யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாதா. சொக்கலிங்கம். அந்த ஆள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு எழுதுவான், நல்ல காற்றோட்டமான வீடு மாதிரி, அப்படித்தான் கல்யாணமான புதிதில் அவனிடமே சொல்லியிருக்கிறாள். இந்த வரி மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. கூடவே ஒரு குறிப்பு, ‘டெம்ப்’ என்று ஒரு சொல். தற்காலிகமாம். எத்தனையோ வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற தற்காலிகம். தேதியைப் பார்த்தாள். பார்த்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுத்துத் தயிர்சாதத்தைப் பார்த்தாள், மாதுளை முத்துக்கள் சிவப்பாக இருந்தன, மூடியைப் போட்டு மூடினாள். அந்தத் தேதி. அந்தத் தேதியில் அவன் வேலை பார்த்திருக்கிறான். பார்த்தான் என்று தெரியும், அதைத்தானே இத்தனை வருஷமாக மறக்க முடியவில்லை, வயிற்றில் நாலாவது மாதம், இதே ஊரில் ராமநாதபுரம் சிக்னல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரி, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கதவு இரண்டாகத் திறந்து மூடுகிற இடைவெளியில் பார்த்தாள், காரிடார் பெஞ்சில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவன் தட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் நீலமாகத் திரை வெளிச்சம். நிமிர்ந்து பார்க்கவில்லை. வேறு எதுவும் அவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை, வலிகூட இல்லை, அந்த நீல முகம் மட்டும். பிறகு எத்தனையோ சண்டை, சம்பளத்துக்கு, சாவிக்கு, அம்மாவுக்கு, ஒன்றுமில்லாததுக்கு, எல்லாச் சண்டையின் அடியிலும் அந்தக் கதவு ஒரு தடவை திறந்து மூடும். கோர்ட்டில் கவுன்சிலிங் அம்மா கேட்டபோது அதைத்தான் சொன்னாள், நான் உள்ள ரத்தத்துல கெடக்கேன், இவர் வெளிய லேப்டாப்போட உக்காந்திருந்தாருங்க. அந்த அம்மா அவனைப் பார்த்தார். அவன் மேஜை விளிம்பைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆள். பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பான், ரிலீஸ் இருந்தது என்பானா, கிளையன்ட் கூப்பிட்டான் என்பானா, ஏதோ ஒன்று, அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது அந்த ஏதோ ஒன்று திரையில் அம்பாக நிற்கிறது. இதுதான் அது. இதற்காகத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எடுத்துவிடலாம், யாரைக் கேட்க வேண்டும், சுட்டியால் ஒரு அழுத்து. ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரி மென்பொருள், ஒன்பது என்றால் என்ன என்று தெரியாமல் எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு ஒயரைப் பிடுங்குவது. கேட்கலாம். அவனைக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது, மாற்றியிருக்க மாட்டான், எதையும் மாற்றுகிற ஆள் இல்லை. என்னவென்று கூப்பிடுவது? நீ என்றா, நீங்க என்றா? ஆபீசில் முதலில் பழகியபோது நீங்க, பிறகு நீ, பெரியவர்கள் முன்னால் மறுபடி நீங்க, கோர்ட்டில் அவர். இப்போது எது? ஆளைக் குறிக்காமலே ஒரு வாக்கியம் அமைக்க முடியுமா என்று மனசுக்குள் அமைத்துப் பார்த்தாள். ஸ்டாக்குல ஒரு லைன் இருக்கு, அது எதுக்குன்னு தெரியணும். முடிந்தது. யாருக்கும் யாரும் இல்லாத வாக்கியம்.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நிம்மதியாக வைக்கப் போன நேரத்தில் எடுத்தான்.

“சொல்லு,” என்றான். பிறகு, “சொல்லுங்க.”

அவனுக்கும் அந்தத் தகராறு இருக்கிறது என்று நினைத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல், வேன் ஹாரன்.

“வெளியில இருக்கா... இருக்கீங்களா? அப்புறம் பேசட்டுமா?”

“இல்ல, பரவாயில்ல. பொண்ணைக் கூப்பிட ஸ்கூல் வாசல்ல நிக்கிறேன். இன்னைக்கு அரை நாள். என்ன விஷயம்? வீட்டுல எல்லாரும்...?”

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. இது ஆபீஸ் விஷயம். ஸ்டாக்குல ஒரு லைன் இருக்கு. நிலை ஒன்பதுன்னா பில்லிங்கைக் கூப்பிடுது. அது எதுக்குன்னு தெரியணும்.”

“ஸ்டாக்கா? அது இன்னும் ஓடுதா?” சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறவில்லை, மூக்கால் பாதி, வாயால் பாதி. “நான் அதைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு. ஒன்பது... ஞாபகம் இல்லையே.”

“டெம்ப்னு போட்டிருக்கு.”

“அப்ப ஏதாவது அவசரத்துக்குப் போட்டிருப்பேன். எந்த வருஷம்?”

வருஷத்தைச் சொன்னாள். மாதத்தைச் சொன்னாள். தேதி நாக்கு நுனி வரை வந்தது, அங்கேயே நிறுத்தினாள். அவனே கேட்கட்டும். ஒரு வினாடி பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

“தெரியல,” என்றான். “தூக்கிடுங்க. ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதா?”

“ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். இதோ, பொண்ணு வந்துட்டா. வைக்கட்டுமா?”

“ம்,” என்றாள்.

தூக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது. போனை மேஜையில் குப்புற வைத்தாள். பொண்ணு. எத்தனையாவது வகுப்பு என்று கேட்டிருக்கலாம், கேட்பதுதான் நாகரிகம், கேட்கவில்லை. அரை நாள் விடுமுறை விடுகிற பள்ளிக்கூடத்தின் வாசலில் வெயிலில் நிற்கிற அப்பாக்களில் ஒருவன். அவள் ஒரு தேதியைத் தூக்கிச் சுமந்துகொண்டு இருக்கிறாள், அவனுக்கு அது எந்த வருஷம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபப்படக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. சரி, தூக்குகிறேன். தன் கணினியில் இருந்த பிரதியில் அந்த வரியை எடுத்தாள். சோதனைகளை ஓடவிட்டாள். கேன்டீனிலிருந்து ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள், ஏலக்காய் டீ வாசனை, யாரோ யாரையோ கிண்டல் செய்கிற சத்தம், அஃப்ரீன் ஒரு கடலைமிட்டாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். திரையில் பச்சை, பச்சை, பச்சை. எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. வரைபடம் மறுபடி வரைந்துகொண்டு அடுக்கடுக்காக நின்றது. வேதமூர்த்தி கண்ணாடி அறையிலிருந்து கட்டைவிரலை உயர்த்தி என்னாச்சு என்று சைகையில் கேட்டார். அவளும் கையைத் தூக்கப் போனாள், தூக்கவில்லை. எல்லாம் பச்சை என்பதில் ஏதோ உறுத்தியது. ஒரு வரியை எடுத்தும் ஒரு சோதனைகூட முணுமுணுக்கவில்லை என்றால் அந்த வரி வேண்டாதது என்று அர்த்தமா, இல்லை அந்த வரி எதற்கு என்று கேட்க இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று அர்த்தமா? அம்பு இருக்கிறது என்றுதான் படம் சொல்லும். எதற்கு இருக்கிறது என்று எந்தப் படமும் சொல்லாது. ஸ்டாக் ஏன் பில்லிங்கைக் கூப்பிட வேண்டும்? பில் வந்தால்தான் மருந்து கொடு என்று பில்லிங் சொல்லும், அதுதான் முறை. ஸ்டாக் தானாகப் போய் பில் போடு என்று கேட்கிறது என்றால், பில் இல்லை. பில் இல்லாமல் மருந்து வேண்டியிருக்கிறது. பில் ஏன் இல்லை? படுக்கை எண் இல்லையென்றால் பில் விழாது. படுக்கை எண் விழவில்லை. பெட் நம்பர் விழல. பெட் நம்பர் விழலைன்னா நான் என்ன பண்றது. யார் சொன்னது இது? காதுக்குப் பக்கத்தில் யாரோ கத்தினார்கள், பெண் குரல், எரிச்சலும் பயமுமாக, பெட் நம்பர் விழலைன்னா நான் என்ன பண்றது, பில் இல்லாம ஃபார்மஸில ஊசி தரமாட்டேங்கறாங்க, கம்ப்யூட்டர் விடமாட்டேங்குதாம், இங்க ரத்தம் நிக்கல சார். சிஸ்டர். அந்த சிஸ்டர். மேலே வெள்ளை விளக்கு, காலுக்கடியில் ஈரம், உமையாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், யாருக்கோ யாரோ போனில் சொல்கிறார்கள் என்று கேட்டாள், தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமலே கேட்டாள். சார் என்றது யாரை? அது அவர்கள் மென்பொருள் ஓடிய ஆஸ்பத்திரி, ஸ்டாக் நின்றால் கூப்பிட அங்கே இருந்தது அவன் நம்பர்தான். அந்தக் காலத்தில் கம்பெனி சின்னது, ஏதாவது நின்றுபோனால் நேராக ஆஸ்பத்திரி சர்வருக்குள் நுழைந்து மாற்றுவார்கள், எங்கிருந்து வேண்டுமானாலும், ஒரு லேப்டாப் இருந்தால் போதும். ஒரு லேப்டாப். கதவு இரண்டாகத் திறந்து மூடியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு குரல், வந்துருச்சு, வந்துருச்சு என்று. அந்த ஒரு சொல்லை அவள் எத்தனை தூக்கத்தில் கேட்டிருக்கிறாள். பிள்ளை வந்துவிட்டது என்று, தங்காமல் வெளியே வந்துவிட்டது என்று சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்தாள். இல்லை. அப்படி ஒரு மகிழ்ச்சியோடு அதை யார் சொல்வார்கள்? ஊசி வந்துருச்சு. மருந்து வந்துருச்சு. அதைத்தான் சொன்னார்கள்.

இருக்கை கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இது நீயாக ஜோடிக்கிற கதை, என்று தனக்குத்தானே சொன்னாள், அவனை நல்லவனாக்கிப் பார்க்க உனக்கு ஆசை, தனியாக இருந்து இருந்து மனசு இப்படித்தான் போகும். ஆசையை நம்பாதே, ஒன்பதைத் தேடு. பதிவுப் பகுதியின் ஆகப் பழைய திரைகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினாள். இருந்தது. ஒன்பது: கேஷுவாலிட்டி, படுக்கை இன்னும் ஒதுக்கவில்லை. அதற்கும் அதே தேதி. இந்த மென்பொருள் இப்போது ஓடுகிற ஆஸ்பத்திரிகளில் ஒன்பது கடைசியாக எப்போது வந்தது என்று பார்த்தாள். நேற்று. அதற்கு முந்தின நாளும். பொள்ளாச்சியில், திருப்பூரில், எங்கெங்கோ, படுக்கை கிடைக்குமுன் ரத்தத்தோடு வந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள், அவர்களுக்கெல்லாம் அந்த ஒரு வரி யாருக்கும் தெரியாமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கிவிட்டேன். எல்லாம் பச்சை. புதிதாக ஒரு சோதனை எழுதினாள். படுக்கை இல்லை, பில் இல்லை, நிலை ஒன்பது, மருந்து கிடைக்க வேண்டும். சோதனைக்கு ஒரு பொய் நோயாளி வேண்டும். வழக்கமாக ‘டெஸ்ட் பேஷன்ட்’ என்று போடுவார்கள். பெயர் என்ற இடத்தில் அவள் விரல்கள் உமையாள் என்று அடித்தன, வயதில் அன்றைய வயதை அடித்தன, அழிக்கலாமா என்று பார்த்தாள், அழிக்கவில்லை. ஓடவிட்டாள். சிவப்பு. மருந்து வழங்கப்படவில்லை. அந்த வரியைத் திரும்ப அதே இடத்தில் வைத்து ஓடவிட்டாள். வழங்கப்பட்டது. வரைபடம் மறுபடி சுருண்டு இடியாப்பமானது.

வேதமூர்த்தி கண்ணாடி அறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். கெட்டவர் இல்லை, கடைசி நாள் என்றால் மட்டும் குரல் ஒரு சுருதி ஏறும்.

“அந்த அம்பை எடுத்தாச்சுங்களா?”

“எடுத்தேன் சார். திருப்பி வெச்சுட்டேன்.”

“என்னங்க இது? அந்த ஒண்ணை எடுத்தா வளையமே போயிரும்னு காலைல நீங்கதானே சொன்னீங்க?”

“போயிரும். கேஷுவாலிட்டியில மருந்தும் போயிரும்.” சொன்னாள், நோயாளி எப்படி வருகிறார், எங்கே நிற்கிறார், எந்த வரி அவருக்கு மருந்தை விடுகிறது என்று. “வளையம் தப்புதான் சார். ஆனா அந்த வேலை தப்பில்ல. அவசர மருந்துக்குன்னு தனியா ஒரு பகுதி எழுதி, ஸ்டாக்கையும் பில்லிங்கையும் அது கூப்பிடற மாதிரி பண்ணா வளையம் தானா அறுந்துரும். அதுக்கு இந்த வாரம் பத்தாது.”

“அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வளையம் இருக்குன்னு சொல்லுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “யாருங்க அந்தப் புண்ணியவான், ஒரு வரி விளக்கம்கூட எழுதாமப் போனது?”

“எழுத நேரம் இருந்திருக்காது சார்,” என்றாள்.

அவர் காலைக் கீழே இறக்கினார். பிறகு, “சரிங்க, அடுத்த மாசம்னு கேட்டுப் பாக்கறேன். திட்டுவாங்க, வாங்கிக்கறேன்,” என்று போனை எடுத்தார்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கீழே தெருவில் வெயில் இறங்கி, பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். சொல்ல வேண்டும். யாருக்காவது சொல்ல வேண்டும், ஆனால் இதைக் கேட்டால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான், அவனுக்கு ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லையா? மாதத்தைச் சொன்னதும் ஒரு வினாடி பேசாமல் இருந்தானே. கோர்ட்டிலும் இப்படித்தான் மேஜை விளிம்பைப் பார்த்தான். பேசாத ஆள் மறந்திருக்கிறானா, பேசாமல் இருக்கிறானா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் சுமந்ததை இப்போது இறக்கி வைக்கவும் இடம் இல்லை. பிள்ளை போனது போனதுதான், அந்த வரி அதைக் காப்பாற்றவில்லை, அவளைத்தான் காப்பாற்றியது. அன்று நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்பதும் அப்படியே இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. போனை நிமிர்த்தினாள்.

‘அந்த லைனைத் தூக்கல. தேவைப்படுது’ என்று அடித்து அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ‘எதுக்கு?’

நிறைய எழுதினாள். சிஸ்டர், பெட் நம்பர், வந்துருச்சு என்ற குரல், நீல முகம், எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் அழித்தாள். ‘பெட் இல்லாம வந்த ஒரு பேஷன்ட்டுக்கு’ என்று அனுப்பினாள்.

இரண்டு டிக்கும் நீலமாயின. அவ்வளவுதான். அஃப்ரீன் பையை மாட்டிக்கொண்டு, “வர்றேன்க்கா” என்றாள். விளக்குகளைப் பாதி அணைத்தார்கள். உமையாள் கம்ப்யூட்டரை மூடினாள், டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள், எழுந்து நின்றபடியே மறுபடி போனைப் பார்த்தாள். டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

‘அந்த பேஷன்ட் இப்ப எப்படி இருக்காங்க?’

பையைத் திரும்ப நாற்காலியில் வைத்தாள். ‘நல்லா இருக்காங்க’ என்று அடித்தாள். அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மறுபடியும் அதையே அடித்து அனுப்பினாள்.